வயிற்றுநோவுக்குக் குளிசை மட்டும் போதாது: யாழ்ப்பாணத்துச் சுகாதாரப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் அரச மருத்துவ சேவைக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கும், வெளிநோயாளர் பிரிவிலும் கிளினிக்கிலும் எங்களைப் பார்க்கும் வைத்தியர்களுக்கும்,

“கேக்கிற ஆக்கள் குறைவு, அதாலதான் அந்தப் பரிசோதனைக்குரிய சாமான் எடுக்கிறேல்ல. வெளியில செய்துகொண்டு வாங்கோ.”

வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான கிருமியைத் தேடும் மலப் பரிசோதனை ஒன்றைக் கேட்டபோது, எங்கள் மாவட்டத்து அரச வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூட யன்னலில் எனக்குக் கிடைத்த பதில் இது. சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார், அவர்மேல் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போக என்னால் முடியவில்லை. வயிற்றுநோவோடு உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் குறைவா? எந்த நாளும் காலையில் வெளிநோயாளர் பிரிவு வாங்கில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நெஞ்செரிவு, புளியேப்பம், வயிற்றுக்குத்து, சாப்பிட்டால் நோ, சாப்பிடாவிட்டால் நோ என்று ஒரு வரிசையே இருக்கும். வருத்தக்காரர் நிறையப் பேர். பரிசோதனையைக் கேட்பவர்கள்தான் குறைவு. அதன் பெயரே தெரியாதவர் அதை எப்படிக் கேட்பார்? ஆய்வுகூடத்தில் இல்லை என்பதால் வைத்தியர் எழுதுவதில்லை. வைத்தியர் எழுதுவதில்லை என்பதால் ஆய்வுகூடத்துக்கு எடுப்பதில்லை. நடுவில் நிற்பவருக்கு, வயிற்று அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல் குளிசை.

நான் கேட்டது மலத்தில் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பற்றீரியாவின் அன்டிஜன் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. கொரோனாக் காலத்துக்குப் பிறகு அன்டிஜன் என்ற சொல் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கிருமியின் ஒரு துணுக்கையே நேரடியாகத் தேடிப் பிடிக்கிற பரிசோதனை அது.

நான் வைத்தியர் இல்லை. உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிற ஆசிரியை. கீழே சொல்லப்போகிற விஞ்ஞானம் உங்களுக்குத் தெரியாதது அல்ல, எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்தும் எங்கள் வீட்டில் நடந்தது ஏன் நடந்தது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் ஊரில் இந்த வருத்தத்துக்கு ஒரே பெயர், காஸ்ரிக். காரணமும் எல்லாரிடமும் தயாராக இருக்கும். தூள் கூடிப்போச்சு, நேரத்துக்குச் சாப்பிடுறேல்ல, யோசினை, விரதம். உறைப்பும் பட்டினியும் எரிவைக் கூட்டும் என்பது சரி. ஆனால் வயிற்றிலும் முன்சிறுகுடலிலும் புண் வருவதற்கு உலகம் முழுவதும் முதன்மையான காரணங்கள் இரண்டு. ஒன்று இந்தப் பற்றீரியா. மற்றது டைக்ளோஃபெனக், அஸ்பிரின் போன்ற நோக்குளிசைகள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் வைத்தியர்களான ரொபின் வாரனும் பரி மார்ஷலும் வயிற்றுத் திசுவில் இருந்து இந்தக் கிருமியை முதன்முதலில் வளர்த்தெடுத்தது 1982இல். ஈஸ்டர் விடுமுறைக்கு வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதலான நாட்கள் அடைகாப்பில் கிடந்தன, அதனால்தான் மெதுவாக வளரும் இந்தக் கிருமி கண்ணில் பட்டது. அந்தக் காலத்து வைத்திய உலகம் அவர்களை நம்பவில்லை. அமிலம் நிறைந்த வயிற்றில் பற்றீரியா வாழாது, புண்ணுக்குக் காரணம் மன அழுத்தமும் சாப்பாடும் என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்று அழற்சி வந்து காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். இதை நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். அதே பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு, உங்கள் கிளினிக்கில் இன்றைக்கும் “உறைப்பைக் குறையுங்கோ” என்பதோடு கதை முடிகிறது.

என் சித்தப்பாவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு வயிற்று நோ அவரை எழுப்பும். ஏதாவது சாப்பிட்டால் அடங்கும். அதனால் தலைமாட்டில் எப்போதும் ஒரு மாரி பிஸ்கட் பைக்கற்றும் செம்பில் தண்ணீரும் இருக்கும். சித்தி அதைப் பழக்கதோஷம் என்று ஏசுவா. வெறும் வயிற்றில் இரவில் எழுப்பி, சாப்பிட்டால் குறைகிற நோ முன்சிறுகுடல் புண்ணின் வழக்கமான குணம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. யாராவது அவரை இரண்டு நிமிடம் இருத்தி வைத்துக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். கேட்க நேரமில்லை, வரிசை நீளம். அதுவும் எனக்கு விளங்குகிறது.

அவருடைய கிளினிக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. நனைந்து காய்ந்த மட்டை, உள்ளே பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரி: ஒமெப்ரசோல் 20 மில்லிகிராம், காலை, இரவு, ஒரு மாதம். கையெழுத்துகள் மட்டும் மாறியிருக்கின்றன. எந்தப் பக்கத்திலும் கிருமிக்கான பரிசோதனை ஒன்றும் எழுதப்படவில்லை. முழங்கால் நோவுக்கு அவர் என்ன குளிசை போடுகிறார் என்றும் யாரும் எழுதவில்லை. போடுவதில்லை என்பதுதான் அவருடைய பதிலாக இருந்திருக்கும், ஆனால் கேட்டதற்கே அடையாளம் இல்லை.

பிறகு ஒரு நாள் தோட்டத்திலிருந்து வந்தவர் தலை சுற்றுகிறது என்று திண்ணையில் படுத்தார். இரண்டு நாளாக மலம் கன்னங்கறுப்பாகப் போனதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. இரும்புச்சத்துக் குளிசை போட்டாலும் கறுப்பாகப் போகும்தானே என்று நினைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். கமரா விட்டுப் பார்த்தார்கள். முன்சிறுகுடலில் புண், அதிலிருந்து இரத்தம். உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள், அந்த நன்றி எங்கள் குடும்பத்துக்கு என்றைக்கும் உண்டு.

ஆனால் அதே எண்டோஸ்கோப்பியில் ஒரு துணுக்குத் திசு எடுத்து, கிருமி சுரக்கும் யூரியேஸ் என்ற நொதியத்தைத் தேடும் பரிசோதனை செய்தார்கள். கிருமி இருந்தால் மஞ்சள் நிறமான ஊடகம் இளஞ்சிவப்பாக மாறும். மாறவில்லை. “எச். பைலோரி நெகற்றிவ்” என்று எழுதி, ஒமெப்ரசோலைத் தொடரச் சொல்லி வீட்டுக்கு விட்டார்கள். எங்களுக்கும் நிம்மதி. கிருமி இல்லையாம் என்று ஊரெல்லாம் சொன்னோம்.

அந்த நெகற்றிவ் நம்பத் தகுந்ததல்ல. மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் வயிற்றில் ஒமெப்ரசோல் கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்கும், கிருமியை வயிற்றின் மேற்பகுதிக்கு ஒதுங்கவும் வைக்கும். அதனால் இரத்தத்தில் பிறபொருளெதிரி, அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் பொருள், பார்ப்பது தவிர்ந்த மற்ற எல்லாப் பரிசோதனைகளுக்கும் முன்பு இரண்டு கிழமைக்கு ஒமெப்ரசோல் வகை மருந்துகளை நிறுத்த வேண்டும். அன்ரிபயோட்டிக்கையும் பிஸ்மத் என்ற வயிற்று மருந்தையும் நான்கு கிழமைக்கு நிறுத்த வேண்டும். இது ஒன்று. புண்ணிலிருந்து இரத்தம் போகிற நேரத்தில் எடுக்கும் திசுப் பரிசோதனை கிருமியைத் தவறவிடக்கூடும் என்பது இரண்டாவது. அப்படி நெகற்றிவ் வந்தால் பிறகு ஒருமுறை திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்று சர்வதேச வைத்திய வழிகாட்டல்கள் தெளிவாகவே சொல்கின்றன. சித்தப்பாவுக்கு இரண்டும் ஒன்றாக இருந்தன. திரும்பப் பார்க்க வேண்டும் என்று கொப்பியில் யாரும் எழுதவில்லை. எங்களுக்கு வாயாலும் சொல்லவில்லை.

சில மாதத்தில் மருந்தை விட்டுவிட்டார். நோ இல்லை என்றால் தோட்டக்காரர் யார்தான் குளிசை போடுவார்? திரும்ப இரத்தம் போயிற்று. இந்த முறை முன்னதைவிட மோசம்.

அதற்குப் பிறகு அவரைப் பார்த்த வைத்தியர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, “அந்த நெகற்றிவ் வந்த நேரம் ஒமெப்ரசோல் போட்டுக்கொண்டிருந்தனீங்களோ?” அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியை முன்பே யாராவது கேட்டிருக்கலாம். புண் ஆறும்வரை மருந்தைக் கொடுத்து, ஆறியபின் தன் மேற்பார்வையில் இரண்டு கிழமை நிறுத்தி, மலத்தில் அன்டிஜன் பார்க்கச் சொன்னார். அந்தத் துண்டைக் கொண்டுபோன இடத்தில்தான் முதலில் சொன்ன பதில் எனக்குக் கிடைத்தது. வெளியே காசு கட்டிச் செய்தோம். கூலிக்குப் போகிற ஒருவர் அந்தக் காசுக்குச் சில நாள் வேலை செய்ய வேண்டும். பொசிற்றிவ். பதினான்கு நாள் மருந்து. முடிந்து நான்கு கிழமை கழித்துத் திரும்பவும் பரிசோதனை, அப்போது கிருமி இல்லை. பிஸ்கட் பைக்கற்று இப்போது குசினியில்தான் இருக்கிறது.

இப்போது அம்மாவின் கதை. இது நேர் எதிர்ப்பக்கம்.

அம்மாவுக்கும் வயிற்றெரிவு. தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தம் கொடுத்தா. “எச். பைலோரி ஐ.ஜி.ஜி. பொசிற்றிவ்” என்று றிப்போர்ட் வந்தது. இரண்டு அன்ரிபயோட்டிக்கும் ஒமெப்ரசோலும் கொடுத்தார்கள். முடித்தா. சில மாதம் கழித்துத் திரும்ப எரிவு. திரும்ப அதே இரத்தப் பரிசோதனை, திரும்பப் பொசிற்றிவ். கிருமி போகவில்லை என்று இன்னும் கடுமையான மருந்து. வாயெல்லாம் கசப்பு, சோற்றைக் கண்டால் ஓங்காளம், வயிற்றாலே போய்ப் போய் ஆள் அரைவாசியானா. ஜீவனி கரைத்துக் கொடுத்து நாங்கள் பக்கத்தில் இருந்தோம்.

அந்த இரத்தப் பரிசோதனை பார்ப்பது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு செய்த பிறபொருளெதிரியை. கள்ளன் வந்து போன பிறகும் முற்றத்தில் கிடக்கிற காலடி மாதிரி அது. கிருமி அழிந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். மருந்து வேலை செய்ததா என்று அறிய அது உதவவே உதவாது. அம்மாவுக்கு இரண்டாம் முறை கொடுத்த மருந்துக்கு அந்த றிப்போர்ட்டைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. பிறகு மல அன்டிஜன் செய்தபோது கிருமி இல்லை என்றே வந்தது. எரிவு எங்கிருந்து வந்தது? முழங்கால் வாதத்துக்குப் பார்மசியில் தானே வாங்கிப் போட்ட டைக்ளோஃபெனக்கில் இருந்து. அதை நிறுத்தியதும் எரிவு நின்றது.

அந்த மல மாதிரியைக் கொடுக்க அம்மா பட்ட கூச்சத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுவும் உங்கள் கையில் இருக்கிற விஷயம். சிறிய பிளாஸ்ரிக் போத்தல், மூடியில் பொருத்திய கரண்டி. அதைக் கடதாசியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையைக் கைப்பைக்குள் வைத்து, பஸ்ஸில் யாராவது மணந்து பார்ப்பார்களோ என்று ரவுன் போகும்வரை கைப்பையை மடியில் அமத்திப் பிடித்துக்கொண்டு வந்தா. ஆய்வுகூடத்தில் இருந்த பிள்ளை “என்ன அம்மா, யூரினோ மோஷனோ?” என்று உரத்துக் கேட்டது. அம்மா பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தா. கிராமத்து வைத்தியசாலையிலேயே ஒதுக்குப்புறமாக ஒரு பெட்டி வைத்து மாதிரியை வாங்கினால் இந்தச் சங்கடம் பாதியாகக் குறையும்.

“இலங்கையில் இந்தக் கிருமி குறைவு, எல்லாருக்கும் பார்க்கத் தேவையில்லை” என்று ஒரு வைத்தியர் என்னிடம் சொன்னார். அப்படியே வைத்துக்கொள்வோம். கிருமி குறைவான இடத்தில்தான் தவறான பரிசோதனை கூடுதலான சேதம் செய்யும். நூறு பேரில் மிகச் சிலருக்கே கிருமி இருக்கிற ஊரில் துல்லியம் குறைந்த இரத்தப் பரிசோதனை செய்தால், பொசிற்றிவ் வருகிறவர்களில் பெரும்பகுதி கிருமி இல்லாதவர்களாகவே இருக்கும். அவர்கள் அத்தனை பேருக்கும் வீணாக இரண்டு மூன்று அன்ரிபயோட்டிக். இது சாதாரணக் கணக்கு, என் மாணவர்கள் செய்வார்கள். ஆகவே கிருமி குறைவு என்பது பரிசோதனை வேண்டாம் என்பதற்கான காரணம் அல்ல, நல்ல பரிசோதனை வேண்டும் என்பதற்கான காரணம்.

இதே தவறு எங்கள் மண்ணில் புதிதும் இல்லை. நெருப்புக் காய்ச்சலுக்கு, அதாவது தைபொயிட்டுக்கு, வைடால் பரிசோதனை என்று ஒன்று. 1896இல் வந்தது. அதுவும் பிறபொருளெதிரியைப் பார்ப்பதுதான், அதுவும் பழைய தொற்றையும் புதிய தொற்றையும் குழப்புவதுதான். இரத்தத்தைக் கிருமி வளர்ப்புக்கு அனுப்பாமல் வைடாலை மட்டும் பார்த்து மருந்து கொடுத்த காய்ச்சல்கள் எத்தனை என்று மூத்த வைத்தியர்கள் நீங்களே சொல்லலாம். சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைக் குடித்து, கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலசலகூடக் குழி வெட்டி வாழ்கிற ஊர் இது. வயிற்றுக்குப் போகிற கிருமிகள் எங்களுக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. பைலோரிக் கிருமி பெரும்பாலும் சிறுவயதிலேயே, வீட்டுக்குள்ளேயே, வாய் வழியாகத் தொற்றிக்கொள்வது. சுத்தமான தண்ணீர் கிடைக்காத இடத்தில் அது கூடும். கிணறுகளைப் பற்றி வேறொரு மடல் எழுத வேண்டும். இங்கே அதை விடுகிறேன்.

காசு இல்லை என்பீர்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டில் நாடு பட்ட பாடு எங்களுக்கும் தெரியும், சாதாரணக் குளிசைக்கே பார்மசி பார்மசியாக அலைந்தவர்கள் நாங்கள். ஆனால் கணக்கை முழுதாகப் பாருங்கள். வருடக்கணக்கில் கொடுத்த ஒமெப்ரசோல், சித்தப்பாவுக்கு இரண்டு முறை ஏற்றிய இரத்தம், வார்டில் கட்டில், இரண்டு எண்டோஸ்கோப்பி, அம்மாவுக்கு வீணாகப் போன மருந்து. ஒரு பரிசோதனைப் பொட்டலத்தின் விலை இவற்றுக்குப் பக்கத்தில் நிற்குமா?

பெரிய இயந்திரமும் தேவையில்லை. சுவாசப் பரிசோதனைக்குத்தான் தனிக்கருவி வேண்டும். காபன்-13 கலந்த யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, கிருமியின் யூரியேஸ் நொதியம் அதை உடைத்து விடுகிற காபனீரொட்சைட்டை மூச்சில் அளப்பது அது. காபன்-13 கதிரியக்கம் இல்லாதது, பிள்ளைகளுக்கும் செய்யலாம். ஊதிய பையை மூடி வேறிடத்துக்கு அனுப்பியும் அளக்கலாம். போதனா வைத்தியசாலை மட்டத்தில் ஒரு கருவி இருந்தாலே மாவட்டத்துக்குப் போதும் என்று நினைக்கிறேன். மல அன்டிஜன் பரிசோதனை அதைவிட எளிது. ஏற்கனவே உங்கள் ஆய்வுகூடங்கள் செய்கிற எலைசா என்ற ஆய்வுகூட முறையில் அது செய்யப்படுகிறது. ஒற்றைக் குளோன் பிறபொருளெதிரி, அதாவது ஒரே வகைப் பிறபொருளெதிரி மட்டும், கொண்டு செய்யும் வகை சுவாசப் பரிசோதனைக்கு ஏறக்குறைய நிகரானது. மாதிரியைக் குளிரில் வைத்தால் ஓரிரு நாள் கெடாது. தடுப்பூசியைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் குறிகட்டுவானில் படகேற்றி நெடுந்தீவுக்குக் கொண்டுபோகத் தெரிந்த சுகாதாரத் துறைக்கு, அதே படகில் ஒரு மல மாதிரியைத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்று யாரும் சொல்லக்கூடாது.

இதில் அவசரமும் இருக்கிறது. 1994இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இந்தக் கிருமியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகுப்பில் சேர்த்தது, புகையிலை இருக்கிற அதே வகுப்பில். தொற்றுள்ள எல்லாருக்கும் புற்றுநோய் வராது, மிகச் சிலருக்கே வரும். யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் முன்கூட்டியே அழிக்கக்கூடிய ஒரு காரணத்தைப் பாராமல் வைத்துக்கொண்டு, தெல்லிப்பழையில் புற்றுநோய் சிகிச்சைக்குக் கட்டில் கூட்டுவதைப் பற்றி மட்டும் பேசுவது சரியா? இன்னொன்று, கிருமியின் எதிர்ப்புத் தன்மை. கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத பைலோரியை 2017இல் உலக சுகாதார நிறுவனம் புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் சேர்த்தது. அம்மாவுக்குக் கொடுத்ததைப் போன்ற தேவையற்ற மருந்துச் சுற்றுகள் அந்த எதிர்ப்பை வளர்க்கின்றன. மருந்து கேட்கிறதா என்று முடிவில் பரிசோதித்துப் பார்க்காவிட்டால், யாழ்ப்பாணத்தில் எந்த மருந்து வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று உங்களுக்கே தெரிய வழியில்லை.

எனவே நான் கேட்பவை இவை.

முதலாவது, மல அன்டிஜன் பரிசோதனையை மாவட்டத்தின் ஆதார வைத்தியசாலைகள் ஊடாக இலவசமாகச் செய்யுங்கள். மாதிரியைப் பிரதேச வைத்தியசாலைகளிலேயே பெற்று, குளிரில் அனுப்ப ஒழுங்கு செய்யுங்கள். தீவகத்துக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஒரே நேரத்தில் எல்லா இடமும் முடியாது என்றால் ஓரிடத்திலாவது தொடங்குங்கள், மற்ற இடங்களில் இருந்து அங்கே அனுப்பலாம்.

மருந்து கொடுக்க முடிவெடுப்பதற்கும், மருந்துக்குப் பிறகு கிருமி போய்விட்டதா என்று அறிவதற்கும் பிறபொருளெதிரி இரத்தப் பரிசோதனையை நம்ப வேண்டாம் என்று எல்லா வைத்தியர்களுக்கும் எழுத்தில் அறிவியுங்கள். தனியார் ஆய்வுகூடங்கள் அதை “முழு உடல் பரிசோதனை”ப் பொதிக்குள் வைத்து விற்பதையும் கேள்வி கேளுங்கள்.

பரிசோதனைக்கு எழுதும்போது தமிழில் அச்சடித்த ஒரு சிறு துண்டையும் கையில் கொடுங்கள். ஒமெப்ரசோல் வகைக் குளிசையை இரண்டு கிழமை நிறுத்த வேண்டும், அன்ரிபயோட்டிக் முடிந்து நான்கு கிழமை ஆகியிருக்க வேண்டும், மாதிரியை எப்படி எடுப்பது, எங்கே கொடுப்பது, இவ்வளவும் போதும். முன்பு இரத்தம் போனவர்களும், இருதயத்துக்கு அஸ்பிரின் போடுகிறவர்களும் வைத்தியரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக்கூடாது என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். அந்தத் துண்டின் தமிழை எழுதித் தர நான் தயார். என்னைப்போல் இன்னும் ஆசிரியர்கள் வருவார்கள்.

கிருமி இருப்பது உறுதியாகி மருந்து கொடுத்தால், முடிந்து நான்கு கிழமைக்குப் பிறகு திரும்பப் பரிசோதிக்கும் திகதியைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதிவிடுங்கள். இரத்தம் போகும்போது நெகற்றிவ் வந்தவர்களுக்கும் அப்படியே. ஒமெப்ரசோல் போட்டுக்கொண்டிருந்தபோது செய்த பரிசோதனையில் நெகற்றிவ் என்று எழுதி அனுப்பப்பட்டவர்களைப் பழைய பதிவுகளில் இருந்து தேடித் திரும்ப அழையுங்கள். இது சிரமமான வேலை என்று தெரியும். ஆனால் அவர்களில் இன்னொரு சித்தப்பா இருக்கிறார்.

வயிற்றுநோவோடு வருகிறவரிடம் நோக்குளிசை பற்றிக் கட்டாயம் கேளுங்கள். “பார்மசியில நீங்களா ஏதாவது வாங்கிப் போடுறனீங்களோ?” என்ற ஒரு கேள்வி போதும். அதேபோல, கறுப்பு மலம், இரத்தச் சத்தி, காரணமில்லாமல் மெலிவது, விழுங்கக் கஷ்டம், இரத்தச்சோகை, வயது போனபின் புதிதாகத் தொடங்கிய வயிற்று வருத்தம், இவை உள்ளவர்களை மலப் பரிசோதனைக்காகக் காக்க வைக்காமல் நேரே எண்டோஸ்கோப்பிக்கு அனுப்புங்கள். அந்த அறிகுறிகளை வெளிநோயாளர் பிரிவுச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். சித்தப்பா அதை வாசித்திருந்தால் இரண்டு நாள் மறைத்திருக்க மாட்டார்.

கடைசியாக, மருத்துவபீடத்தின் நுண்ணுயிரியல் துறையோடு சேர்ந்து, இங்கே இந்தக் கிருமி எவ்வளவு பேருக்கு இருக்கிறது, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று ஒரு கணக்கெடுப்புச் செய்யுங்கள். செய்ததை மக்களுக்கு வெளியிடுங்கள்.

இவற்றில் எதை எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று எழுத்தில் பதில் தாருங்கள். அடுத்த வருடச் செலவுத் திட்டம் எழுதி முடிப்பதற்குள் அந்தப் பதில் வேண்டும், ஏனென்றால் அதற்குள் சேர்க்காவிட்டால் இன்னொரு வருடம் போய்விடும். பதிலை எனக்குத் தனியாக அனுப்புவதைவிட ஒவ்வொரு வைத்தியசாலையின் அறிவித்தல் பலகையிலும் போடுங்கள். கேட்கிறவர்கள் குறைவு என்று இனிமேல் சொல்ல வேண்டி வராது. என்னோடு சேர்ந்து கேட்க எங்கள் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களின் கையெழுத்துகளை இந்த மடலின் பிரதியோடு நேரில் கொண்டுவந்து தருவேன்.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியை